தலைசுற்றலின் காரணத்தை ஹார்மோன் பரிசோதனை சொல்லுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. நான்கு மாதங்களில் மூன்று முறை வீடே சுழல்வதுபோலத் தலைசுற்றல் வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் வாந்தியோடு கிடந்தேன். ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் இடது காது அடைத்துக்கொண்டு இரைகிறது. வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளந்தால் உள்காது நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன். பரிசோதித்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனாலும் நீங்கள் படித்தது ஆதாரமற்ற செய்தி அன்று என்பதால் சற்று விளக்குகிறேன்.

மெனியர் நோயில், உள்காதின் சவ்வுப் பைகளுக்குள் இருக்கும் எண்டோலிம்ஃப் என்ற திரவம் அளவுக்கு மீறிச் சேர்ந்து அவற்றை உப்பச் செய்கிறது. வாசோப்ரெசின், சிறுநீரகம் நீரை வெளியேற்றிவிடாமல் உடலுக்கே மீட்டுத் தரச் செய்யும் ஹார்மோன். அங்கே அது செயல்படத் தேவையான ஏற்பிகளும் நீர்வழிப் புரதங்களும் உள்காதிலும் இருப்பதாலும், கினிப்பன்றிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்தியபோது இதே உப்பல் உண்டானதாலும், ரத்தத்தில் அதன் அளவு இந்நோயைக் காட்டிக்கொடுக்குமா என்று ஆராயத் தொடங்கினார்கள். சில ஆய்வுகளில் நோயாளிகளுக்கு அளவு கூடியிருந்தது. வேறு சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை.

குமட்டல்தான் இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. இந்த ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் மிக வலுவான தூண்டுதல்களில் அதுவும் ஒன்று. மலைப்பாதை வளைவுகளில் பேருந்து ஜன்னலோரம் வாந்தியெடுப்பவருக்கும் அது ஏறும். நீங்கள் வாளியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால், கூடிய அளவு தலைசுற்றலை வரவழைத்ததா, தலைசுற்றலால் வந்ததா என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது. உடல் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் அப்படித்தான். போதாக்குறைக்கு, எடுத்த ரத்தத்தை உடனே குளிரவைத்துப் பிரிக்காவிட்டால் வாசோப்ரெசின் அளவே தவறிவிடும்.

உடலில் ஹார்மோன்போலச் செயல்படும் வைட்டமின் டி மட்டும் ஓரளவு கைகொடுக்கிறது, அதுவும் வேறொரு நோயில். உள்காதின் கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்து, படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தலை சுற்றும் வகை அது. கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைந்திருந்தவர்களுக்கு அதனுடன் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தபோது, அது திரும்ப வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அங்கும் நோயைக் கண்டறிவது ரத்தத்தால் அன்று. தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவைத்துக் கண் அசைவைப் பார்த்துத்தான்.

உங்கள் குறிகள் மெனியர் நோயை நினைவூட்டுகின்றன. 2015-இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் குறைந்தது இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். அந்தக் காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள் சரியாகக் கேட்காததை ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை உறுதிப்படுத்த வேண்டும். தொடக்கத்தில் கேட்கும் திறன் மீண்டும் சரியாகிவிடுவதுண்டு என்பதால், காது அடைத்திருக்கும் நாளிலோ மறுநாளிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றல் வந்த நாள், நீடித்த நேரம், தலைவலி, மாதவிலக்கு நாள்கள் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டுபோங்கள். ஒற்றைத் தலைவலியும் இப்படிச் சுற்றவைக்கும், அதில் பெண் ஹார்மோனின் ஏற்ற இறக்கத்துக்குப் பங்கு உண்டு.

சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கைகால் வலுவிழந்தாலோ, காது மருத்துவருக்காகக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.