வீட்டில் எல்லாரும் இருந்தும் அம்மாவுக்குத் தனிமையா?

கேள்வி: அப்பா போன பிறகு 68 வயது அம்மாவை நாங்கள் இருக்கும் நாட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் வரவர அவர் பேச்சே குறைந்துவிட்டது. கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். நாங்கள் கூடவே இருக்கும்போது தனிமை எப்படி வரும்?

பதில்: தாராளமாக வரும். ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். மனசுக்கு நெருக்கமான ஒருவர் இல்லாதது ஒரு வகை, பழக ஒரு வட்டம் இல்லாதது இன்னொரு வகை. ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றது தீர்ந்துவிடாது. உங்கள் அம்மா கணவரையும் இழந்து, கையோடு பழகிய வட்டத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

முதியோருக்குப் பழக ஆள் போதுமா என்று பார்க்கப் பயன்படுத்தும் 'லூபன்' அளவுகோலில் ஆறே கேள்விதான். மாதம் ஒரு தடவையாவது பார்க்கிற, பேசுகிற ஆள் எத்தனை பேர், மனம்விட்டுப் பேச எத்தனை பேர், உதவி என்றால் கூப்பிட எத்தனை பேர் என்று உறவினருக்கு ஒரு தடவை, நண்பர்களுக்கு ஒரு தடவை கேட்பார்கள். மொத்தம் 30-க்கு 12-ஐ விடக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். நான் முதலில் பார்ப்பது நண்பர்கள் பகுதியைத்தான், ஏனென்றால் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு உறவினர் பகுதி ஓரளவு நிரம்பி, மொத்த மதிப்பெண் ஏமாற்றிவிடும்.

சரி, என்ன செய்வது? அவர் மொழி பேசும் ஒரே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், கூட்டமெல்லாம் அப்புறம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் காரில் கொண்டு விட்டால் அவர் உங்கள் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிடும்; அதனால் ஒரே ஒரு பஸ் தடத்தைச் சேர்ந்து போய்ப் பழக்கிவிட்டு, ஏறுகிற இடம், இறங்குகிற இடம், உங்கள் நம்பர் மூன்றையும் அவர் மொழியிலும் உள்ளூர் மொழியிலும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தாலும் அதுவும் வேலைதான். வாரத்தில் அவருக்கென்று விடுமுறை வேண்டும்.

பேச்சு குறைந்ததற்குக் காது மந்தமும் காரணமாக இருக்கலாம், பரிசோதித்துவிடுங்கள். பசி, தூக்கம், பிடித்த விஷயங்களில் ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் மனச்சோர்வா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயதானவர்களிடம் அது பல நேரம் உடம்பு வலியாகத்தான் வெளியே வரும். மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், அம்மா பாதியை மறைத்துவிடுவார். முன்பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டு வையுங்கள்.