எலும்புகளும் தேநீரும் – கடிதம்

அன்புள்ள சார்,

கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை. பதினோரு இரவுகள் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முன்பு சொன்ன கிரஹாம் நார்ட்டனின் ‘ஹோல்டிங்’ நாவலை அப்போதுதான் படித்தேன். அயர்லாந்துக் கிராமம், வீடு கட்டத் தோண்டும்போது கிடைக்கும் மனித எலும்புகள், குண்டான ஒரு போலீஸ்காரர். தினமும் அந்த ஊருக்குப் போய்வந்ததுபோல் இருந்தது. ஆனால் ஒரு சாவைப் பற்றிய கதையை இவ்வளவு சந்தோஷமாகப் படிக்கலாமா என்று உறுத்துகிறது. என் மகனோ, ‘இதில் திரில்லே இல்லை, அந்த சார்ஜண்ட் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்’ என்கிறான். இன்னொரு சந்தேகம். அயர்லாந்துக் கதைகளில் வருகிறவர்கள் ‘யெஸ்’ என்று சொல்லாமல் ‘ஐ டிட்’, ‘ஐ ஆம்’ என்றே பதில் சொல்கிறார்களே, ஏன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. ஐரிஷ் மொழியில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் தனிச் சொல் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். ‘பார்த்தாயா?’ ‘பார்த்தேன்.’ நம் வீட்டிலும் அப்படித்தானே பேசுகிறோம்? பெரும்பாலான ஊர்கள் ஆங்கிலத்துக்கு மாறி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய மொழியின் இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் தங்கிவிட்டது. துப்பறியும் கதையில் இது எவ்வளவு உதவுகிறது, பாருங்கள். ‘அன்று ராத்திரி அவனைப் பார்த்தீர்களா?’ ‘பார்த்தேன்.’ பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கே, யாரோடு, என்ன நிலைமையில் என்று ஒன்றும் வெளியே வரவில்லை.

அந்த ‘ஒன்றும் வெளியே வராதது’தான் இந்த நாவலின் திரில் என்று நினைக்கிறேன். சார்ஜண்ட் பி.ஜே. காலின்ஸ் யாரையாவது ஓடித் துரத்திப் பிடிப்பார் என்று டுனீன் ஊரில் யாரும் நம்புவதில்லை என்பதோடுதான் கதையே தொடங்குகிறது. கையில் துப்பாக்கியும் இல்லை. 1922இல் தொடங்கப்பட்ட அயர்லாந்துப் போலீஸ் படையான கார்டாவில் சீருடைக் காவலர்கள் இன்றும் பொதுவாகத் துப்பாக்கி இல்லாமல்தான் வேலை பார்க்கிறார்கள். அவருக்கு இருப்பது வாய்ப்பேச்சு மட்டும். வீடு வீடாகப் போய் உட்கார வேண்டும், கொடுக்கிற தேநீரைக் குடிக்க வேண்டும், சந்தேகப்படுகிறவர்களின் முகத்திலேயே மறுநாளும் விழிக்க வேண்டும். அவர் சாப்பிடுவதை உங்கள் மகன் இன்னொரு முறை கவனிக்கட்டும். அந்த ஊரில் ஒட்டவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல் இருக்கிற ஒரு தனி மனிதனின் வெட்கம் அதில் இருக்கிறது. எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

அயர்லாந்துக் கிராமத்தின் மௌனம் நாவலுக்காகச் செய்தது அல்ல. ‘பாய்காட்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லே மேயோ மாவட்டத்து லாக் மாஸ்க் ஏரிக்கரையிலிருந்து வந்தது. 1880இல் நிலப்பிரபு ஒருவரின் முகவராக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட், வாடகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. வேலையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை, ஊரே அவரோடு பேசுவதை நிறுத்தியது. அதே மௌனம் கொடுமையாகவும் மாறியிருக்கிறது. 1958இல் கெர்ரி மாவட்டத்தில் வரப்புத் தகராறின் நடுவே ஒரு விவசாயி கொல்லப்பட்டார். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. லிஸ்டோவலில் மதுக்கடை நடத்திவந்த ஜான் பி. கீன், அந்தச் சம்பவத்தின் தூண்டுதலில்தான் 1965இல் ‘தி ஃபீல்ட்’ நாடகத்தை எழுதினார். கொன்றவன் யார் என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நார்ட்டன் கார்க் மாவட்டத்து பாண்டனில் வளர்ந்தவர். இந்த இருட்டு அவருக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் ஊர்க்காரர்களை அவர் வெறுக்காமல் எழுதுகிறார். பிரிட், எவலின் இருவரையும் நினைத்துப் பாருங்கள். ஒரே ஆணை நேசித்தவர்கள், அவன் காணாமல் போனபின் பல வருடமாக ஒரே ஊரில் ஒருவரையொருவர் தவிர்த்து வாழ்கிறவர்கள். எலும்புகள் கிடைத்ததும் முதலில் அசைவது அவர்களுடைய வாழ்க்கைதான்.

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். இறந்தவரை வீட்டில் கிடத்தி, ராத்திரி முழுக்க அக்கம்பக்கத்தார் கூடவே உட்கார்ந்திருக்கும் ‘வேக்’ வழக்கம் அயர்லாந்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. உள்ளூர் வானொலியில் சாவுச் செய்தி வாசிக்கிறார்கள். முகம் மட்டுமே தெரிந்தவர் என்றாலும் போய்க் கைகொடுத்துவிட்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் யாரும் அழாமல் வருடக்கணக்காக மண்ணுக்குள் கிடந்திருக்கிறார். அவர் யார் என்று ஒருவர் மெனக்கெட்டு விசாரிக்கத் தொடங்கும்போது நமக்கு வருகிற ஆறுதலைத்தான் நீங்கள் சந்தோஷம் என்று சொல்கிறீர்கள். அதற்கு எதற்கு உறுத்தல்? நன்றாகவே அனுபவித்துப் படித்திருக்கிறீர்கள்.

கணவர் சீக்கிரம் தேறி வரட்டும். அவருக்கும் தினம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுங்கள். யாருடைய எலும்பு என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்