தையல் வேலையால் வரும் கழுத்து வலிக்கு எந்த மசாஜ் ஏற்றது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லராக வேலை செய்கிறேன். வயது 44. சில மாதங்களாகக் கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை இறுக்கமும் வலியும் இருக்கின்றன. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மாமியார் சித்த மருத்துவ மசாஜான தொக்கணம் எடுக்கச் சொல்கிறார். மகளோ கோவையில் தாய்லாந்து மசாஜுக்கு அழைக்கிறாள். எனக்கு எது பொருந்தும்? (வாசகி, அவிநாசி)

பதில்: வலி தசையிலா, நரம்பிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தலையைக் குனிந்து, தோளைத் தூக்கியபடி ஷிப்ட் முழுவதும் துணியை ஊசிக்குத் தள்ளிக்கொடுப்பவர்களுக்கு, கழுத்தின் பின்புறத்திலிருந்து தோள்முனை வரை விரியும் ட்ரபீசியஸ் தசை ஓய்வின்றி இறுகியே இருப்பதால், தொட்டால் வலிக்கும் முடிச்சுகள் அதில் உண்டாவது வழக்கம். இடது கையால் அந்தத் தசையைக் கொத்தாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். நீங்கள் அனுபவிக்கும் அதே வலி எழுந்தால் அது பெரும்பாலும் தசை வலிதான், அதற்கு மசாஜ் பலன் தரும். மாறாக, வலி கைக்குள் இறங்கிப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போனாலோ, கத்தரிக்கோல் பிடிக்கும் வலு குறைந்தாலோ, கழுத்தெலும்பு அருகிலோ மணிக்கட்டிலோ நரம்பு அழுந்தியிருக்கலாம். அந்நிலையில் மருத்துவரைப் பார்க்கும் வரை எந்த மசாஜும் வேண்டாம்.

தசை வலி என்று உறுதியானால், உங்கள் மாமியார் கட்சிதான் நானும். தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைகள் உண்டு. உங்களுக்குப் பிடித்தலும் இதமான அழுத்தலுமே போதும். கழுத்தில் முறுக்கலும் இழுத்தலும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் காட்டி, அங்கே சொல்லும் தைலத்தைப் பயன்படுத்துவது நல்லது.

எண்ணெய் தடவி நீளமாக நீவியும் பிசைந்தும் செய்யும் ஸ்வீடிஷ் மசாஜும் ஏறத்தாழ இதே இதத்தைத் தரும். உடல் தளர்வதால் உறக்கமும் நன்றாக வரும். டீப் டிஷ்யூ மசாஜில் அழுத்தம் ஆழமாக இறங்குவதால், ஓரிரு நாள் உடல் அடித்துப் போட்டதுபோல் வலிக்கலாம். எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டியதில்லை. 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற தாய்லாந்து மசாஜ், எண்ணெய் இல்லாமல் உடையோடு பாயில் படுக்கவைத்துக் கைகால்களை இழுத்து வளைப்பது. உடல் முழுவதும் விறைத்திருப்பவருக்கு அது ஏற்றதாக இருக்கலாம், கழுத்தில் மட்டும் வலி உள்ள உங்களுக்கு இப்போது தேவையில்லை. பாதத்தின் புள்ளிகளை அழுத்தும் ரிஃப்ளெக்ஸாலஜி சுகமானதுதான். ஆனால் அதனால் உள்ளுறுப்பு நோய்கள் குணமாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

எந்த வகையானாலும், கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அரிதாக, மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு.

சர்க்கரை இருப்பதை மசாஜ் செய்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எண்ணெயின் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்க வாய்ப்புண்டு. அதை நீவக் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மசாஜின் பலன் பெரும்பாலும் தற்காலிகமானதே. தோள் தூக்காமல் முழங்கை மேசை மட்டத்தில் நிற்கும்படி ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பண்டல் மாற்றும்போதெல்லாம் இரு தோள்களையும் பின்னோக்கிச் சுழற்றுங்கள். இரவில் சுவருக்கும் தோள்பட்டையின் பின்புறத்துக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, முதுகெலும்பின் மேல் படாமல், முடிச்சின் மீது மெதுவாகச் சாய்ந்து அழுத்தலாம். மூன்று நான்கு வாரங்களில் வலி குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் காட்டுங்கள்.