பெரிய அலாய் வீல் போடலாமா? கேள்விகளும் பதில்களும்

கம்பெனி கொடுத்த வீலைக் கழற்றிவிட்டு, ஒன்றிரண்டு இன்ச் பெரிய அலாய் வீல் போடுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கணக்கு காட்டும் இடங்களில் பெரும்பாலும் 185/65 ஆர்15 டயரையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் காரில் அளவு வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

கேள்வி: என் காரில் 15 இன்ச் வீல். 17 போட்டால் கார் உயரும், அடிப்பக்கம் தட்டாது என்கிறார் நண்பர். உண்மையா சார்?

முறைப்படி போட்டால் உயரக் கூடாது. 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ. அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ., சைடுவாலின், அதாவது ரிம்முக்கும் தரையில் படும் பகுதிக்கும் இடையில் இருக்கும் டயரின் பக்கச் சுவரின், உயரம். 15 இன்ச் ரிம் 381 மி.மீ. மேலே ஒரு சைடுவால், கீழே ஒரு சைடுவால் சேர்த்தால் மொத்த விட்டம் 621.5 மி.மீ.

இப்போது 16 இன்ச் ரிம்மில் 195/55 போடுங்கள்: 620.9 மி.மீ. வருகிறது. 17 இன்ச் ரிம்மில் 205/45 போட்டால் 616.3. மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், கார் உயரவில்லை. மாறியது சைடுவால் மட்டும்: 120 மி.மீ. இருந்தது 107 ஆகி, 17 இன்ச்சில் 92 ஆகிவிட்டது. ரிம் வளர வளர ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொள்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்தில் இருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி: விட்டம் கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுப்போகும்? 16 இன்ச்சில் 195/60 கிடைக்கிறது, பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது.

அதன் விட்டம் 640.4 மி.மீ. பழையதைவிட 3 சதவீதம் கூடுதல். வீல் ஒரு சுற்று சுற்றும்போது கார் 3 சதவீதம் அதிகம் நகர்கிறது, ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. முன்பு உண்மையாகவே 100 கி.மீ. வேகத்தில் போனபோது முள் எங்கே நின்றதோ, அதே இடத்தில் நிற்கும்போது இப்போது 103இல் போவீர்கள். ஐ.நா. வாகன விதி எண் 39, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கம்பெனிகள் மீட்டரைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைப்பது அதனால்தான். அந்த இடைவெளியை டயரில் செலவழித்துவிடாதீர்கள். 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கு. ஒன்றரைக்குள் நிறுத்துங்கள் என்பது என் கருத்து.

கேள்வி: அண்ணா, எல்லாரும் குறையையே சொல்றீங்க. பெரிய வீல் போட்டா நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது தம்பி, நிச்சயமாக இருக்கிறது. குட்டையான சைடுவால் வளைவில் அவ்வளவாக மடங்காது. உயரமான சைடுவால் உள்ள காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், முதலில் ரப்பர் கொஞ்சம் பக்கவாட்டில் நெளியும், பிறகுதான் கார் திரும்பத் தொடங்கும். அந்தத் தாமதம் குறைகிறது. மலைப்பாதையில் அடுத்தடுத்து வளைவு வரும்போது இது கைக்கே தெரியும். அகலமான டயர் என்பதால் காய்ந்த சாலையில் வளைவுப் பிடிப்பும் கூடுகிறது. பெரிய பிரேக் டிஸ்க் போட நினைப்பவர்களுக்கு அதற்கான இடமும் பெரிய ரிம்மில்தான் கிடைக்கும். அழகையும் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். தினமும் பார்க்கிற கார், மனதுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை.

ஆனால் ஒன்று: பிடிப்பில் பெரும்பங்கு டயரின் ரப்பர் தரத்துக்குத்தான். நல்ல 15 இன்ச் டயர், மட்டமான 17 இன்ச் டயரைவிட ஈரச் சாலையில் சீக்கிரம் நிற்கும். தண்ணீர் தேங்கிய சாலையில் அகலமான டயருக்கு இன்னொரு சிக்கல், அது குறைந்த வேகத்திலேயே நீர்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். பணம் ரிம்முக்கும் டயருக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால் ரிம்மைத் தள்ளிப்போட்டுவிட்டு டயரை வாங்குங்கள்.

கேள்வி: பள்ளம் மேடான ரோட்டில்தான் தினமும் போகிறேன். 17 தாங்குமா?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 15 இன்ச்சில் வந்த காருக்கு 205/45 ஆர்17 போட்டு ஓட்டினேன். ஒரு மழை இரவில், தண்ணீர் நிறைந்து மட்டமாகத் தெரிந்த பள்ளத்தில் முன் இடது வீல் இறங்கியது. ‘டங்’ என்று உலோகச் சத்தம். இறங்கிப் பார்த்தேன், காற்று இருந்தது, வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. வீலைக் கழற்றி பேலன்சிங் மிஷினில் சுற்றியபோதுதான் ரிம்மின் உள்விளிம்பு ஓர் இடத்தில் வெளியே போய் உள்ளே வருவது தெரிந்தது. டயரின் உள்பக்கச் சைடுவாலைக் கையால் தடவிப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு புடைப்பு, அழுத்தினால் மெத்தென்று இருந்தது.

பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையில் சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் ரப்பரை மட்டும் காற்று வெளியே தள்ளுகிறது. அதுதான் புடைப்பு. அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இரவில் அதே டயரில் குடும்பத்தோடு வீடு திரும்பினேன் என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. அடுத்த மாதமே 16க்கு இறங்கிவிட்டேன்.

உங்கள் சாலைக்கு 16 தாண்டாதீர்கள். இப்போதுள்ள வீலே 16 என்றால் மாற்றவே வேண்டாம். பெரிய வீல் ஏற்கெனவே போட்டிருந்தால், பள்ளத்தில் அடி வாங்கிய ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: அலாய் என்றால் எடை குறைவுதானே? அப்போ மைலேஜ் கூடணுமே?

ஒரே அளவில், நன்றாகச் செய்யப்பட்ட அலாய், இரும்பு வீலைவிடப் பெரும்பாலும் எடை குறைவுதான். 15 இன்ச் இரும்பையும் 17 இன்ச் அலாயையும் ஒப்பிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அச்சில் வார்த்த 17 இன்ச் அலாய், 15 இன்ச் இரும்பைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வீல் லேசானது, ஆனால் விலை பல மடங்கு.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ரிம் பெரிதாகும்போது உலோகம் மையத்தில் இருந்து விலகிப் போகிறது. தள்ளி இருக்கும் எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் அதிக வேலை. அதனால் நின்று நின்று போகும் நெரிசலில் பிக்கப் மந்தமாகத் தெரியும், மைலேஜும் கொஞ்சம் இறங்கும். மின்சார கார்களில் இது வெளிப்படையாகவே தெரிகிறது. ஒரே மாடலுக்குப் பெரிய வீல் போட்டால் ரேஞ்ச் குறைவு என்று தயாரிப்பாளர்களே அட்டவணையில் போடுகிறார்கள்.

மைலேஜ் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. மொத்த விட்டம் கூடியிருந்தால் கிலோமீட்டர் மீட்டரும் குறைத்தே எண்ணும். 3 சதவீதம் கூடிய டயரில் மீட்டர் 400 காட்டினால் ஓடியது 412. அதைத் திருத்தாமல் மைலேஜ் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: ரேஸ் காரில் எல்லாம் பெரிய ரிம்தானே? அவர்களுக்குத் தெரியாததா?

ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை 13 இன்ச் ரிம்மில்தான் ஓடின, உயரமான சைடுவாலோடு. 2022இல்தான் 18க்கு மாறின. இன்னும் நல்ல உதாரணம் உலக ராலி போட்டி. அதே கார், அதே சீசன்: தார்ச்சாலைக்கு 18 இன்ச், சரளைக்கல் பாதைக்கு 15 இன்ச். கல்லும் பள்ளமும் வந்தால் அவர்களே சின்ன ரிம்மையும் தடித்த டயரையும்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: கம்பெனி வீல் 6ஜே, இ.டி. 45. கடையில் 7ஜே, இ.டி. 40 காட்டி ‘சூப்பரா உட்காரும்’ என்கிறார்கள். நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இ.டி. என்பது ஆஃப்செட்; வீலின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் (காரில் வீலை மாட்டும் மையப் பகுதியில்) பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற எண். 6ஜே என்றால் ரிம்மின் அகலம் 6 இன்ச். அதில் பாதி 76.2 மி.மீ. அதில் 45 போனால், வெளிவிளிம்பு ஹப்பில் இருந்து 31.2 மி.மீ. வெளியே நிற்கிறது. 7 இன்ச்சில் பாதி 88.9, அதில் 40 போனால் 48.9. ஆக வீல் வெளியே கிட்டத்தட்ட 18 மி.மீ. துருத்தும். உள்பக்கத்துக்குக் கழிக்காமல், 76.2ஓடு 45ஐயும் 88.9ஓடு 40ஐயும் கூட்டுங்கள்: 121.2 இருந்தது 128.9 ஆகிறது. ஷாக் அப்சார்பர் பக்கம் சுமார் 8 மி.மீ. நெருங்கும், ஒரு பென்சில் பருமன்.

வண்டி காலியாக நிற்கும்போது உரசாது. பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்போது மட்கார்டு உள்விளிம்பிலோ பிளாஸ்டிக் லைனரிலோ உரசினால் அந்த வீல் வேண்டாம். மட்கார்டை மடித்துத் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயின்ட் விட்ட இடத்தில் துரு ஏறும்.

போல்ட் வட்டத்தையும், அதாவது பி.சி.டி.யையும், எண் பார்த்தே வாங்குங்கள். 5×112க்கும் (112 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்) 5×114.3க்கும் வித்தியாசம் 2.3 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியாது, நட்டும் சில நேரம் ஏறிவிடும், ஆனால் ஸ்டட்கள் சாய்ந்த நிலையில் இறுகி நிற்கும். வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் சரியான அளவு ஹப் ரிங் போடாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஏழு பேர் போகும் குடும்ப வண்டி. டயர் அளவு மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அது சுமை எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500. 185/65 ஆர்15 பெரும்பாலும் 88இல் வரும். சாதாரண 205/45 ஆர்17 என்றால் 84. பெரிய வீல் போட்டும் ஒரு டயருக்கு 60 கிலோ தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த வண்டிக்கு இது விளையாட்டல்ல. எக்ஸ்.எல். என்று குறித்த டயரில் அதே அளவுக்கு 88 கிடைக்கும். ஆனால் அந்தச் சுமையைத் தாங்க அதற்குப் பழைய டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும், சவாரி இன்னும் கட்டியாகும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தம் புது டயருக்குப் பொருந்தாது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் அலாய் வாங்கலாமா?

உள்பக்கம் வெல்டிங் தழும்பு இருந்தால் தொடாதீர்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் உள்விளிம்பை நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், விரிசல் நகத்தில் மாட்டும். புதிதாக வாங்குபவர்கள் வீலின் மேல் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகளும் தாங்கும் எடையும் வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் கணக்கில் வராது.

கேள்வி: ஸ்டெப்னி மட்டும் பழைய 15 இருக்கட்டுமா?

மொத்த விட்டம் ஒத்துப்போனால் இருக்கட்டும், பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக மட்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் விட்டத்தில் சின்ன வித்தியாசமும் டிஃபரன்ஷியலைச் சூடாக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பல அலாய்களுக்கு நட்டு வேறு. கூம்பு வடிவ நட்டு, உருண்டை வடிவ நட்டு இரண்டும் மாறினால் வீல் பிடிக்காது. பழைய நட்டு செட்டை ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள்.

கேள்வி: நேற்றுதான் 16 போட்டேன். இனி என்ன கவனிக்கணும்?

முதல் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசைக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனரால்) மறுபடி இறுக்குங்கள். புது அலாயில் பெயின்ட் நசுங்கி நட்டு தளர்வது உண்டு. காற்றுத் துப்பாக்கியால் அடித்து ஏற்றினார்கள் என்றால் இன்றே தளர்த்தி, கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். அலைன்மென்ட் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய நான்கு வீலையும் விற்காமல் வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் கேட்பார்.