ரங்கூனில் ஓய்வெடுத்த அபின் அரசன்

கேள்வி: கொலம்பியாவின் போதைப்பொருள் மன்னன் பாப்லோ எஸ்கோபார் 1993-இல் ஓட்டுக் கூரையின் மேல் சுட்டுக் கொல்லப்பட்டது தெரிந்த கதை. பர்மாவிலும் அவருக்கு இணையான ஒருவர் இருந்தாராமே, அவர் என்ன ஆனார்?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: குன் சாவைக் கேட்கிறீர்கள். 1934-இல் ஷான் மாநிலத்தில் சீனத் தந்தைக்கும் ஷான் தாய்க்கும் பிறந்த அவருடைய இயற்பெயர் சாங் சி-ஃபூ. 1960-களில் கிளர்ச்சிக்காரர்களைச் சமாளிக்க ஆள்பலம் போதாத ரங்கூன் அரசு, உள்ளூர்த் தலைவர்களைக் கொண்டு ஊர்க்காவல் படைகளை அமைத்தது. அதற்குக் கைம்மாறாக, அவர்கள் அபின் கடத்துவதைக் கண்டும் காணாமல் இருந்தது. குன் சா வளர்ந்தது இந்தச் சலுகையில்தான்.

நம் சமையலறைக் கசகசாவைத் தரும் செடியின் காயிலிருந்து வடியும் பாலே அபின். மாலையில் காயைக் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து பழுப்பேறிய பிசினை மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். அப்படிச் சேர்த்த சுமார் 10 கிலோ அபினிலிருந்து 1 கிலோ ஹெராயின் கிடைக்கும். சுரண்டி எடுத்த மலைக் குடியானவருக்குக் கூலி மிஞ்சினால் பெரிது. சரக்கு போகும் பாதை யார் கையில் இருந்ததோ அவருக்கே லாபம்.

அந்தப் பாதைக்காகத்தான் 1967-இல் ஒரு போரே நடந்தது. குன் சா 16 டன் அபினைச் சுமார் 300 கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றி லாவோஸுக்கு அனுப்பினார். சீனாவிலிருந்து ஓடிவந்து அம்மலைகளில் தங்கியிருந்த கோமிந்தாங் (சீன தேசியவாதக் கட்சி) படையினர், தங்களுக்கு அவர் வழிவரி கட்டாததால் துரத்த, மேகாங் ஆற்றங்கரையிலுள்ள பான் க்வானில், ஒரு மர அறுவை ஆலையை ஒட்டி இரு தரப்பும் மோதின. சரக்கை வாங்கவிருந்த லாவோஸ் தளபதியோ விமானங்களை அனுப்பி இருவர் மீதும் குண்டு பொழிந்து, அபினைக் காசு கொடுக்காமல் வாரிக்கொண்டார்! அந்த வட்டாரத்தில் யாரும் யாருக்கும் கூட்டாளி இல்லை.

1969-இல் குன் சாவை அரசு சிறையில் தள்ளியது. 1973-இல் அவருடைய ஆட்கள் இரண்டு சோவியத் மருத்துவர்களைக் கடத்திப் பணயம் வைத்தபின் 1974-இல் வெளியே வந்தார். தாய்லாந்து எல்லைக்குள் தளம் அமைத்து, 1982-இல் அங்கிருந்து விரட்டப்பட்டு, ஷான் மாநிலத்து ஹோமாங்கில் தனி ஆட்சியே நடத்தினார். அவருடைய மோங் தாய் படை உச்சத்தில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டிருந்தது. ஷான் விடுதலைக்காகப் போராடுவதாகச் சொல்லிக்கொண்ட அவர், விளைச்சல் முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி அமெரிக்காவிடமே கேட்டார். அமெரிக்கா 1990-இல் குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. பின்னர் அவர் தலைக்கு 20 லட்சம் டாலர் விலை வைத்தது.

அவரைச் சாய்த்தது அந்தக் குற்றப்பத்திரிகை அன்று. 1994-இல் தாய்லாந்து அவருடைய முக்கியக் கையாட்களைப் பிடித்தது, எல்லை அடைபட்டது, வா இனப் படை ஒருபுறம் தாக்கியது, 1995-இல் சீனர்களுக்கே பதவி என்று குமுறிய ஷான் அதிகாரிகள் படையோடு பிரிந்து போனார்கள். பாதையும் ஆட்களும் கைவிட்டுப் போனபின், 1996 ஜனவரியில் பர்மிய ராணுவத்திடம் பேரம் பேசிச் சரணடைந்தார். அமெரிக்காவிடம் அவரை ஒப்படைக்க ரங்கூன் மறுத்துவிட்டது. அந்நகரிலேயே வாழ்ந்து, 2007 அக்டோபரில், 73 வயதில் இறந்தார். மலையில் அவர் விட்டுச்சென்ற இடத்தை வா படையினர் அதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.