மிகைபுனைவுக் கதைகளில் வாள்: கேள்வி பதில்

மிகைபுனைவுக் கதை எழுதும் நெல்லைச் சீமை அன்பர்கள், வாளின் வலிமை பற்றியும் அதைக் கையாளும் முறை பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்து, உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மந்திரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, என் கதாநாயகன் பத்துக் கிலோ வாளை ஒற்றைக் கையில் சுழற்றுகிறான். அவன் பலசாலி என்று காட்டத்தான் அப்படி எழுதினேன். பொருந்துமா?

பொருந்தாது, தம்பி. நம் நாட்டுத் தல்வாராக இருந்தாலும் ஐரோப்பிய வாளாக இருந்தாலும், ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் 1 கிலோவை ஒட்டியே இருந்தன; இரு கைகளால் பிடிக்கும் நீண்ட வாள் ஏறத்தாழ 1.5 கிலோ. ஆள் உயரத்துக்குச் செய்யப்பட்ட ஜெர்மானிய வாள்களில்கூட, போருக்குப் போனவை 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கும். அதற்கும் மேலே கனத்தவை பெரும்பாலும் ஊர்வலத்தில் தூக்கிச் செல்லச் செய்தவை. வீசிய வாள் குறி தவறினால், அதை நிறுத்தித் திருப்பி மறுபடி காவலுக்குக் கொண்டுவர வேண்டும். பத்துக் கிலோ இரும்பு திரும்பி வருவதற்குள் எதிரி தன் வேலையை முடித்திருப்பான்.

மொத்த எடையைக் காட்டிலும் அந்த எடை எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல வாளின் அலகு பிடியருகே தடித்து, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிடியின் கடைசியில் உள்ள குமிழோ தட்டோ பின்பக்கம் கனம் சேர்க்கும். ஆகவே சமநிலைப் புள்ளி பிடிக்கு முன்னால் சில அங்குலத்திலேயே அமைந்து, வாள் மணிக்கட்டுக்குக் கட்டுப்படும். நம் ஊர் வெட்டரிவாள் இதற்கு நேர்மாறானது. அதன் கனம் முன்பக்க வளைவில் இருப்பதால் ஒரே வெட்டில் ஆழமாக இறங்கும், ஆனால் மீட்டெடுப்பது கடினம். அரிவாளைப் பார்த்து வளர்ந்த நாம் வாளையும் அதே கையோடு எழுதிவிடுகிறோம் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

தென்காசி: என் நாயகி மெலிந்தவள். அவளால் வாள் வீச முடியும் என்று எழுதினால் நம்புவார்களா, அண்ணாச்சி?

நம்புவார்கள், தங்கச்சி, பயிற்சியைக் காட்டினால். வீச்சின் திசையும் கூரின் திசையும் ஒன்றாக இருந்தால்தான் வாள் வெட்டும். சற்றே சாய்ந்தாலும் அது தடி போல அடித்துவிட்டு வழுக்கிப் போகும். சிலம்பம் பழகியவர்களுக்கு, வீச்சு காலடி வரிசையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பிறக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் பலமே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். கைநீளமும் உயரமும் எதிரிக்கு ஆதாயமே. இருவரும் நெருங்கிப் பிடிபிடித்துக்கொண்டால் உடல் எடை பேசத் தொடங்கிவிடும்.

பாளையங்கோட்டை: எதனாலும் உடையாத, உலகிலேயே மிகக் கடினமான வாள் என்று எழுதலாமா?

கடினமும் உடையாமையும் ஒன்றுக்கொன்று இழுபறியாக நிற்பவை என்பதால், இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரி (கார்பன்) கலந்த உருக்கைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் கொடுத்தால் அது மிகவும் கடினமாகிறது. அந்த நிலையிலேயே விட்டுவிட்டால் ஓங்கி அடித்த அடியில் ஒடிந்தும் போகும். அதனால் மறுபடி மிதமான சூட்டில் வைத்து, கடினத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, வளைந்து மீளும் தன்மையை வாங்குகிறார்கள். நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் உருக்கு வார்த்த மூசைகளும் (உலோகத்தை உருக்கும் மண் கிண்ணங்கள்) உலைகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டில் செய்த அந்த வகை மூசை உருக்கில் கரி ஒன்றரை விழுக்காடு அளவுக்கு இருந்ததால், மங்கிய சிவப்புச் சூட்டில்தான் பொறுமையாக அடிக்க முடியும். ஆத்திரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் சம்மட்டிக்கு அடியிலேயே நொறுங்கும். உங்கள் கதைக் கொல்லனின் திறமையைக் காட்டப் பொறி பறக்கும் அடியைவிட இந்தப் பொறுமை உதவும்.

போரிட்ட வாளுக்குப் பல் விழும், நுனி மழுங்கும். அதியமானின் தூதராகப் போன ஔவையார், மாலை சூட்டி நெய் பூசி வைத்திருந்த தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்து, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று சொல்வதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. துருவுக்கு நெய், பழுதுக்குப் பட்டறை என்ற இரண்டும் அதிலேயே இருக்க, நம் கதைகளில் மட்டும் வாள் சாணைக்கே போவதில்லை.

சங்கரன்கோவில்: விண்ணிலிருந்து விழுந்த இரும்பில் செய்த வாள் சாத்தியமா?

நடந்தே இருக்கிறது. 1621இல் பஞ்சாபில் விழுந்த விண்கல்லைக் கொண்டு வாள் செய்யச் சொன்னதை முகலாய மன்னர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த இரும்பு தனியாக அடி தாங்காமல் சிதறியது. மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்த பிறகே இரண்டு வாள்களும் ஒரு கத்தியும் ஒரு குத்துவாளும் உருவாயின. ஆகவே விண்ணிரும்பை இயல்பிலேயே உயர்ந்ததாக எழுதாமல், அடங்க மறுக்கும் பொருளாக எழுதினால் கதைக்கும் அது நல்லது.

வள்ளியூர்: உருக்கைக் காய்ச்சி அச்சில் ஊற்றி வாள் செய்யும் காட்சி திரைப்படங்களில் வருகிறதே?

வெண்கல வாள் என்றால் சரி. அது வார்ப்பில்தான் பிறந்தது. இரும்பு வாள் அடித்துச் செய்வது. உங்கள் கதை நம் மண்ணில் நடந்தால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில், நூற்றாண்டுக்கு முன் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த வெண்கலப் பொருள்களில் பெரும்பாலானவை கலங்களும் அணிகளும். வாளும் ஈட்டியும் இரும்பு.

கடையநல்லூர்: முதுகில் மாட்டிய உறையிலிருந்து வாளை உருவலாமா?

குட்டை வாளை உருவலாம். அலகு கைநீளத்தைத் தாண்டினால் பாதியில் நின்றுவிடும். உறை மரத்தாலும் தோலாலும் ஆனது. ஆகவே உருவும்போது திரைப்படத்தில் கேட்கும் கணீர் ஓசை வராது.

கயத்தாறு: பாளையக்காரர் படை போல ஒரு படை எழுதுகிறேன். எல்லார் கையிலும் வாள் இருக்கலாமா?

பெரும்பாலோர் கையில் ஈட்டி இருக்கட்டும். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்ட கும்பினிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக் குறிப்புகளில், கோட்டைக்குள்ளிருந்து நீண்டு வந்த ஈட்டிகளே நிறைந்திருக்கின்றன. ஈட்டிக்கு இரும்பு கொஞ்சம் போதும், பழக்குவதும் எளிது, எட்டவும் எட்டும். வாளைத் தலைவர்களுக்கும், ஈட்டி ஒடிந்த பிறகு மற்றவர்கள் இடுப்பிலிருந்து எடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.