அரைச் சிப்பம் அரிசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. 86 கிலோ இருந்தேன். சோற்றைக் குறைத்து, தினமும் முக்கால் மணி நேரம் நடந்து, ஆறு மாதத்தில் 74க்கு வந்தேன். ஐந்து வாரமாக எடை அங்கேயே நிற்கிறது. மாமியார், “முகமே வாடிவிட்டது, சீக்காளி மாதிரி இருக்கிறாய்” என்கிறார். சக ஆசிரியை ஒருவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, எடை குறைக்கும் பவுடரைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார். சில நாட்களாக உட்கார்ந்து எழும்போது தலை சுற்றுகிறது. நான்கு வருடமாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

ம.

அன்புள்ள ம.,

நிறுத்தாதீர்கள். ஆனால் முதலில் அந்தத் தலைசுற்றல். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி அதுதான். 86 கிலோ உடம்புக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை இப்போது 74 கிலோ உடம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எடை குறைந்தால் இரத்த அழுத்தமும் இறங்கும். பழைய அளவு இப்போது அதிகமாகியிருக்கலாம். இரத்தசோகையாகவும் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்தபடியும் நின்றபடியும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இனி, நின்றுபோன எடை. 12 கிலோ என்பது கடையில் வாங்கும் அரிசிச் சிப்பத்தில் ஏறக்குறைய பாதி. அதைச் சுமந்துகொண்டு நீங்கள் நடந்த முக்கால் மணி நேரத்துக்கு உடம்பு செலவழித்த அளவு ஆற்றல் இன்று தேவைப்படவில்லை. சும்மா படுத்திருக்கும்போது ஆகும் செலவும் குறைந்துவிட்டது. சோறும் நடையும் மாறவில்லை. வரவும் செலவும் சமமாகிவிட்டன. இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. வாரத்துக்கு அரைக் கிலோவாக இறக்கியிருக்கிறீர்கள், அது மிக நல்ல வேகம்.

பவுடர் விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒன்பது வருடங்களுக்கு முன் இரவில் அதை மட்டும் குடித்து இரண்டே மாதத்தில் 11 கிலோ குறைத்தேன். மூன்றாம் மாதம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. ஒரே வருடத்தில் 13 கிலோ திரும்பி வந்தது. எனக்கு மன உறுதி இல்லை என்று வெகுநாள் வெட்கப்பட்டேன். பிறகுதான் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் செய்த சோதனையைப் பற்றிப் படித்தேன். 1945இல், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்தார்கள். எடையில் கால் பங்கு போயிற்று. அவர்களுக்குக் குளிர் தாங்கவில்லை, இதயத் துடிப்பு மந்தமானது, சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பலருக்குப் பசி அடங்கவில்லை. பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்தச் சங்கடத்துக்குள் நீங்கள் போக வேண்டாம்.

இரவில் இரண்டு தோசையோ இரண்டு சப்பாத்தியோ சாப்பிடுங்கள். ஆனால் கூடவே பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ இருக்கட்டும். சோற்றைக் குறைக்கும் நம் வீட்டுப் பெண்கள் பலர் குழம்பையும் ரசத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். புரதம் போதாமல் கொழுப்போடு தசையும் கரைகிறது. தலைசுற்றல் சரியான பிறகு, நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினம் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். தசையைக் காக்க நடை மட்டும் போதாது.

இன்னொன்று: எடை பார்க்கும் கருவியைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டுத் தையல் நாடாவை எடுங்கள். முதல் நாள் ஊறுகாய் கூடினால், மாதவிடாய் நெருங்கினால், உடம்பில் நீர் தேங்கி ஒரு கிலோ ஏறித் தெரியும். இடுப்புச் சுற்றளவு அப்படி அலைக்கழிக்காது. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். ரவிக்கை தளர்ந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தளர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாமியாரின் பேச்சில் பாதி பாசம், மீதி பழக்கம். பருமனே செழிப்பு என்று நம்பிய தலைமுறை அது. மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவர் தன் காதால் கேட்கட்டும்.

அழுத்தம் எவ்வளவு இருந்தது, மாத்திரையை மாற்றினார்களா என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.